மாற்றிப் படித்த கடிதங்கள்

கண்ணு,

இந்தக் கடிதத்தை நான் கையால் எழுதவில்லை. மண்ணரை வாசகசாலையின் மாடியறையில், சன்னலை ஒட்டி இருக்கிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்திருக்கிறேன். பதினொரு மதியங்கள் ஆயின. எனக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். திரையில் வருவதை அவர்கள் படித்தார்கள். நான் மறைக்கவில்லை. இதில் வருகிற பாதி விஷயம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவன் நீ ஒருவன்தான்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நீ அமெரிக்காவிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கே அச்செடுத்துத் தபாலில் சேர்க்கிறேன். நீ இங்கே வந்த பிறகு கொடுத்தால், சொந்தபந்தங்களுக்கு நடுவில் உனக்குக் கோபப்படக்கூட ஓர் இடம் இருக்காது. அங்கே உன் அறையில் தனியாக உட்கார்ந்து படி. இந்த மாதிரி சமயத்தில் தாய்மார்கள் மகனுக்குப் புத்தி சொல்வார்கள். வருகிற பெண்ணிடம் குரலை உயர்த்தாதே, நேரத்துக்குச் சாப்பிடு என்றெல்லாம். அது எதுவும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

இந்த மாடியறையைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அமெரிக்கா போன அடுத்த வருடம், முதலிபாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் தன் ஆபீசுக்குப் புதிதாக வாங்கிவிட்டு, பழைய கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரு பிரிண்டரையும் வாசகசாலைக்குக் கொடுத்தார். படிக்கிற பிள்ளைகளுக்கு என்றுதான் கொடுத்தார். பிள்ளைகள் வந்து பார்த்தார்கள், இது பழசு என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற சென்டருக்கே போய்விட்டார்கள். இரண்டு மாதம் அவை துணி போர்த்தியபடி கிடந்தன. பழனிச்சாமி அண்ணன்தான், டெலிபோன் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றாரே அவர், துணியை எடுத்தார். வாசகசாலைக்கு ஒரு போன் இணைப்பு வாங்கி, அதைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, என்னென்னவோ செய்து ஈமெயில் வரவைத்தார். ஸ்டெல்லா டீச்சர் வந்து சேர்ந்தார். நாற்பது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி, ஆள் வராமல் மூடியவர். இந்த இருவரையும் சுற்றி ஒரு பதினைந்து பேர். எல்லாம் அறுபதை ஒட்டியவர்கள். பனியன் கம்பெனியில் நின்று நின்று கால் வீங்கியவர்கள், சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள், உழுத காட்டை விற்றுவிட்டு மகன் கம்பெனியில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தார்கள்.

வாரத்தில் மூன்று நாள், மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. சொல்லித்தர வாத்தியார் என்று யாரும் கிடையாது. இன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டவர் நாளைக்கு அதை இன்னொருவருக்குக் காட்ட வேண்டும். ஸ்டெல்லா டீச்சர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். அடுத்தவர் கையிலிருந்து மவுசைப் பிடுங்கக்கூடாது. வாயால்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் விரல்தான் அழுத்த வேண்டும். முதல் மாதம், அம்புக்குறியைத் திரையின் மூலையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவருவதற்கே ஒருவருக்கு அரைமணி நேரம் ஆகும். சுற்றி நிற்கிற நாங்கள், "இன்னுங் கொஞ்சம் மேலீங்க, ஐயோ தாண்டிப் போச்சுங்க" என்று கத்துவோம்.

இன்னொரு விஷயம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஈமெயில் பெட்டி. உன் கடிதமும், பழனிச்சாமி அண்ணனின் மகள் துபாயிலிருந்து எழுதுவதும், மற்றவர்களுடையதும் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் வந்து விழும். யாராவது ஒருவர் திறந்து, அச்செடுத்து, பெயர் எழுதி, மேஜையில் வைப்பார். எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டுவார்கள். யாருக்கும் ரகசியம் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

உன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது அந்த வருடம் பங்குனியில். சாப்பிட்டது நிற்கவில்லை. இடுப்புவேட்டி இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது. கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். நானும் உன் சித்தப்பாவும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கணையத்தில் கட்டி என்றும், அறுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றும், நான்கு மாதம் இருக்கலாம் என்றும் சொன்னார். நான் "சரீங்க" என்றேன். வெளியே வந்து பஸ்ஸில் சன்னலோரம் இடம் பிடித்து அவரை உட்காரவைத்தேன். அவிநாசி வரும்போது அவர், "என்னன்னு சொன்னாங்க புள்ள?" என்றார். "பெரிய வியாதிதானுங்க" என்றேன். அவரிடம் நான் அதை மறைக்கவில்லை. மெஷின் ஃபிட்டர் அல்லவா, ஒரு நிட்டிங் மெஷினின் சத்தத்தைக் கேட்டே எந்த ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்கிறவர். தன் உடம்பின் சத்தம் அவருக்குக் கேட்காமலா இருக்கும். "பையனுக்கு எழுதிப் போட்டுரு" என்றார்.

நான் எழுதவில்லை.

நீ அதற்கு முந்தைய மாதம்தான் எழுதியிருந்தாய், விசாப் பேப்பர் மாற்றக் கொடுத்திருக்கிறது, இந்த நேரத்தில் அந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாமல் போகலாம் என்று. அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் சித்தப்பாவிடமும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல காரணம். ஆனால் கண்ணு, அது காரணம் இல்லை. நீ வந்து கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டால் அவர் சாகப்போகிறார் என்பது நிஜமாகிவிடும். நீ வராத வரைக்கும் அவர் உடம்பு சரியில்லாத மனுசன், அவ்வளவுதான். இதை எனக்கே நான் சொல்லிக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

எனக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. நீ நாலாவது படிக்கும்போது நம் வீட்டு மணி நாய் லாரியில் அடிபட்டுச் செத்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நீ வருவதற்குள் எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, என் அப்பா, உன் அப்புச்சி, அதை ஊத்துக்குளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், அங்கே மாட்டுக்குக் காவல் வேண்டுமாம் என்று உன்னிடம் சொன்னேன். லீவுக்கு ஊத்துக்குளிக்குப் போனபோது நீ தொழுவத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். யாரையும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாய். நீ அழாமல் தப்பித்துவிட்டாய் என்று நான் சந்தோஷப்பட்டேன். நீ காலேஜில் படிக்கும்போது ஒருநாள் பேச்சுவாக்கில், "அன்னைக்கே தெரியும்மா, உனக்குக் கஷ்டமா இருக்கும்னு கேக்கல" என்றாய். ஒன்பது வயதுப் பையன் என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும். ஆனால் சிரித்துவிட்டு, சோற்றை உன் தட்டில் போட்டேன்.

அப்போது நம் வீட்டில் போன் கிடையாது என்பது உனக்குத் தெரியும். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை நீ எதிர்வீட்டுக் கம்பெனி போனுக்குக் கூப்பிடுவாய். சித்திரை மாதம் நீ கூப்பிட்டபோது, அப்பா ஊத்துக்குளிக்குப் போயிருக்கிறார், அப்புச்சியின் கிணற்று மோட்டார் ரிப்பேர் என்றேன். வைகாசியிலும் அதையே சொன்னேன். ஆனியில், தொண்டை கட்டிக்கொண்டு பேச முடியவில்லை என்றேன். போனில் மூன்று நிமிடம்தான். மூன்று நிமிடத்துக்குப் பொய் சொல்வது கஷ்டமில்லை. கடிதம்தான் கஷ்டம். எனக்கு அப்போது அடிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா டீச்சர்தான் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். "இங்கே அனைவரும் நலம். அப்பா நலம்." இரண்டு முறை அடித்தார். மூன்றாம் முறை, விரலைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.

"நேத்து உங்க ஊட்டுக்காரரை ரிக்சாவுல கூட்டிட்டுப் போனதப் பார்த்தனுங்க" என்றார். "இதை இனி நான் அடிக்க மாட்டனுங்க. உங்க பையன், உங்க விருப்பம். ஆனா என்ற விரலு வேண்டாமுங்க."

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது. பழனிச்சாமி அண்ணன் மட்டும், "சொல்றதும் சொல்லாததும் தங்கச்சி பாடு டீச்சர்" என்றார். நான் எழுந்து போய்விடுவேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் போகவில்லை. "அப்பிடின்னா எனக்கு அடிக்கச் சொல்லிக் குடுங்க" என்றேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். கேட்டவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் அந்த அறையின் வழக்கம். அதை மீற அவரால் முடியவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று ஆரம்பித்தார். நான் எட்டாவது வரை படித்தவள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் லேபிளும் சைஸ் ஸ்டிக்கரும் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்து எல்லாம் பழக்கம். மூன்று வாரத்தில் நானே ஒரு கடிதம் அடிக்கக் கற்றுக்கொண்டேன். எல்லோரும் தங்கள் பிள்ளைகளோடு பேசுவதற்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்கள். நான் உன்னிடம் பொய் சொல்வதற்குக் கற்றுக்கொண்டேன். அம்மா சொந்தமாக அடித்த முதல் கடிதம் என்று நீ அதை உன் நண்பர்களுக்கெல்லாம் காட்டியதாக எழுதியிருந்தாய்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை நீ என்னை மன்னித்துவிடலாம். முடியவில்லை. உன் அப்பா தினமும் கேட்டார். "எழுதிப் போட்டயா புள்ள?" "போட்டனுங்க." "என்ன சொல்றான்?" இந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. உன் கடிதங்களை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவர் தமிழே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். "அப்பா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வந்துவிடுவேன்." அடுத்த வாரம், "லீவு இன்னும் கிடைக்கவில்லை." அதற்கடுத்த வாரமும் அதுதான். படித்து முடித்ததும் தாளை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். உன்னிடம் அவர் நலமாக இருந்தார். அவரிடம் நீ எல்லாம் தெரிந்தும் வராமல் இருந்தாய். நடுவில் நான் இருந்தேன். எனக்கு அப்போது பயமோ வெட்கமோ எதுவும் தோன்றவில்லை. கஞ்சி காய்ச்சினேன், துணி துவைத்தேன், மதியம் மாடியறைக்குப் போனேன். கை மரத்துப்போனால் சூடுகூடத் தெரியாது அல்லவா, அப்படி இருந்தது.

ஒருநாள் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மூணு மாசமா லீவு குடுக்காத கம்பெனி அப்பிடி என்ன கம்பெனி" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

ஆடி பிறந்து ஒரு வியாழக்கிழமை மதியம், ஸ்டெல்லா டீச்சர் அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் உன் அப்பா தலையணைக்கு அடியில் கைவிட்டு, கடைசியாக வந்திருந்த உன் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"டீச்சர், இத ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க. இவ படிச்சா எல்லாக் கடுதாசியும் ஒரே மாதிரியே இருக்குதுங்க."

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். டீச்சர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இருந்ததை இருந்தபடி படித்தார். நீ என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறேன், சிவப்பு நிறம். இடது பக்கச் சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது. வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறது, வலது பக்கம் திருப்பினால் இன்னும் அதிகமாகிறது. அப்பாவிடம் கேட்டுச் சொல்லம்மா, அவர் கேட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார். இன்னும் ஊத்துக்குளியிலேயா இருக்கிறார்? அப்புச்சி மோட்டாரை விட்டுவிட்டு வீட்டுக்கு வரச் சொல்.

டீச்சர் படித்து முடித்தார். எதிர்வீட்டுக் கம்பெனியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் எனக்குக் கோபம் தெரியவில்லை. "சத்தம் எப்பிடின்னு எழுதியிருக்கறான்? இன்னொருக்காப் படிங்க" என்றார். டீச்சர் படித்தார். "பேரிங்கு" என்றார். "எடது பக்கத்துப் பேரிங்கு போயிருச்சு. உடனே மாத்தோணும். அதோட ஓட்டுனா ஆபத்து."

டீச்சர் கிளம்பிப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவனுக்குத் தெரியாது, அப்பிடித்தான?" என்றார். "ஆமாங்க" என்றேன். "நல்லது" என்றார். எதற்கு நல்லது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மகன் தெரிந்தும் வராதவன் இல்லை என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்திருக்கிறது. "பேரிங்கு சமாச்சாரத்த இன்னைக்கே எழுதிப் போடு. என்ற சமாச்சாரத்தையும் எழுது. நீயே எழுதோணும், அடுத்தவங்க சொல்லி அவன் கேக்கக்கூடாது. வரச் சொல்லு. பாக்கோணும் போல இருக்குது."

நான் அன்றைக்கு மாலைக்குள் மாடியறைக்குப் போனேன். பழனிச்சாமி அண்ணன் லைன் போட்டுக் கொடுத்தார். "அப்பா சொன்னார், இடது பக்கப் பேரிங் போய்விட்டது, உடனே மாற்று" என்று அடித்தேன். அடுத்த வரியை அடிக்க விரலை வைத்தேன். எழுத்துகள் எல்லாம் எனக்குத் தெரியும். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். அடிக்கவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று அனுப்பிவிட்டேன். நீ மறுநாளே பதில் போட்டிருந்தாய், அப்பா சொன்னது சரி, மெக்கானிக்கும் அதையே சொன்னான், அப்பா அப்பாதான் என்று. அப்பா நலமாக இருக்கிறார் என்பதற்கு நானே உனக்கு ஒரு சாட்சியை அனுப்பியிருந்தேன்.

அவர் கேட்டார். "எழுதிட்டயா?" "எழுதிட்டனுங்க." இந்த முறை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அந்த நாளுக்குப் பிறகு டீச்சர் தினமும் மதியம் வந்தார். தலையணைக்கு அடியில் இருந்த கடிதங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். நீ சமைத்துக் கருகவிட்டது, பனியில் வழுக்கி விழுந்தது, உன் ஆபீசில் இருக்கிற சீனாக்காரர், எல்லாம். அப்பா கேள்வி கேட்பார். "ஏரி உறைஞ்சு போகுமாமா? அப்ப மீனெல்லாம் என்ன பண்ணுமாம்?" டீச்சர் தனக்குத் தெரியாததைப் பழனிச்சாமி அண்ணனிடம் கேட்டுவந்து மறுநாள் சொல்வார். நான் சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்று மாதமாக என் கையில் இருந்த கடிதங்கள்தான். நானும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிற மாதிரி இருந்தது.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, டீச்சர் என்னை வாசலில் நிறுத்தினார். "இன்னைக்கு நீங்க அடிக்கறீங்களா, நான் அடிக்கட்டுங்களா?" என்றார். நான் போய் அடித்தேன். "அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை. உடனே வா." அவ்வளவுதான். ஐந்து சொல். நீ அன்றைக்கு நண்பர்களோடு ஏரிக்குப் போயிருந்தாய். திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துதான் பார்த்திருக்கிறாய். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டார். எட்டு நாள் முன்னால் அந்த ஐந்து சொல்லை அடித்திருந்தால் நீ வந்து அவர் கையைப் பிடித்து உட்கார்ந்திருப்பாய். நான்கு நாளாவது உட்கார்ந்திருப்பாய். உன் விசாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்துப் பார்க்க வேண்டியவன் நீ. நான் இல்லை.

அவர் போனது காலை ஏழு மணி வாக்கில். அன்றைக்குப் பார்த்து நம் வீதிக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஆறு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். உன் சித்தப்பா ஆட்களுக்குச் சொல்லி அனுப்பப் போயிருந்தார். நான் குடங்களை எடுத்துக்கொண்டு வெளியே போய், வரிசையில் நின்று, ஒவ்வொன்றாகப் பிடித்துவந்து உள்ளே வைத்தேன். பதினான்கு குடம். பக்கத்து வீட்டுக்காரம்மா, "ஊட்டுக்காரருக்கு இன்னைக்கு எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டார். "போயிட்டாருங்க" என்றேன். அவர் கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டுவிட்டார். நான் என்னுடையதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அன்றைக்கு அழவில்லை. அதன் பிறகும் அழவில்லை. எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள்.

நீ வியாழக்கிழமை வந்தாய். கொள்ளி போட்டது உன் சித்தப்பா. பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "ஏம்மா எனக்குச் சொல்லல?" என்று கேட்டாய். ஒரே ஒரு கேள்வி. அதற்கு உண்மையைச் சொல்ல எனக்கு அப்போது கடைசியாக ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. நான், "அப்பாதான் சாமி சொல்ல வேண்டாம்னாரு. பையன் வேலை கெட்டுரும், படுத்திருக்கறத அவன் பாக்க வேண்டாம்னாரு" என்றேன். நீ அப்படியே உட்கார்ந்து அழுதாய். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும், மனுசன்னா அப்படி இருக்கோணும் என்றார்கள். துக்க வீட்டுக்கென்று சோறு ஆக்கிக்கொண்டு ஸ்டெல்லா டீச்சர் அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். சோற்றுப் போசியை இறக்கிவைத்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார்.

நான் நாற்பது நாள் மாடியறைக்குப் போகவில்லை. பிறகு ஒருநாள் போனேன். போகாமல் இருந்தால் அந்த மூன்று மணி நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை, அதனால் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழனிச்சாமி அண்ணன் எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டார். புதிதாக இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். பனியன் கம்பெனியில் கைமடிப்பு வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு அம்புக்குறியை நகர்த்தக் காட்டச் சொன்னார். காட்டினேன். இன்றைக்கு வரைக்கும் ஏழு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டீச்சரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறோம். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

போன தை மாதம் பெண் பார்க்க நீ வந்தபோது, கவிதா வீட்டில் உங்கள் இருவரையும் தனியாகப் பேசவிட்டு நாங்கள் எல்லோரும் உள்ளே இருந்தோம். நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். நீ அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது சன்னல் வழியாகக் கேட்டது. "எங்கப்பா சாகும்போதுகூட என்னைக் கூப்பிட வேண்டாம்னு சொன்னவருங்க. அவரளவுக்கு நான் இருக்கோணும்." அந்தப் பெண் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு அப்போது முதல்முறையாக ஏதோ ஒன்று தெரிந்தது. வலி என்று சொல்ல மாட்டேன். மரத்துப்போன காலை முதல்முறையாகத் தரையில் ஊன்றும்போது இருக்குமே, அந்த மாதிரி. நீ கட்டப்போகிற குடும்பத்துக்கு என் பொய்யை அஸ்திவாரமாகப் போடுகிறாய். நாளைக்கு உனக்கு ஒரு கஷ்டம் வரும். அதை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய மனசு என்று நினைத்துக்கொள்வாய். அப்பா அப்படித்தானே செய்தார் என்று நினைப்பாய். அவர் அப்படிச் செய்யவில்லை, கண்ணு.

அவர் உன்னைக் கூப்பிட்டார். முதல் நாள் பஸ்ஸிலேயே கூப்பிட்டார். கடைசி வாரமும் கூப்பிட்டார். உன்னைப் பார்க்க வேண்டும் போல அவருக்கு இருந்தது. அவர் பெரிய மனசுக்காரர்தான், ஆனால் உன்னை வேண்டாம் என்று சொல்லி அல்ல. நான் செய்தது தெரிந்த பிறகும் என்னை ஒரு வார்த்தை சொல்லாமல், உன் காரைப் பற்றி யோசித்தாரே, அதில்தான். இதை அந்தப் பெண்ணிடம் திருத்திச் சொல். எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்: ஒருவருக்கு வர வேண்டிய சேதியை, அவர் தாங்குவாரா தாங்க மாட்டாரா என்று நடுவில் நின்று தீர்மானிக்க யாருக்கும் உரிமை இல்லை. பெற்றவளுக்கும் இல்லை.

இந்தக் கடிதத்தை அடிக்க ஆரம்பித்த முதல் நாள், ஸ்டெல்லா டீச்சர் என் திரையைப் பார்த்தார். முதல் நாலு வரியைப் படித்தார். "மூணாவது வரியில ஒரு புள்ளி வுட்டுப்போச்சுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் புள்ளியை வைத்தேன். இதை இங்கிலீஷ் எழுத்தில் இல்லாமல் தமிழ் எழுத்திலேயே அடிப்பதால், அதற்கப்புறம் எங்கே தடுமாறினாலும் வாயால் சொன்னார். என் விரல்தான் அழுத்தியது.

நீ இதைப் படித்துவிட்டு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. யூகித்துப் பார்க்கவும் போவதில்லை. திருப்பூரில் வந்து இறங்கும்போது நம் வீட்டுக்கு வருவதும், சித்தப்பா வீட்டில் தங்கிக் கல்யாணத்துக்குப் போவதும் உன் இஷ்டம். மணவறையில் நான் உன் பக்கத்தில் நிற்க வேண்டுமா, கூட்டத்தோடு உட்கார வேண்டுமா, அதையும் நீ சொல். ஏன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ரயில் தாமதம், உடம்பு அசதி என்று உனக்காக ஒரு காரணமும் நான் தயார் பண்ணி வைக்க மாட்டேன். "பையனுக்கு எம்மேல கோவமுங்க. நான் பண்ணுனது அப்பிடி" என்று சொல்வேன்.

அம்மா